மனத்துக்கு மருந்து, இதயத்துக்குக் காவல்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மலை அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழகிய ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, ஒலி எழுப்பி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்த பிறகே திருப்புவார். மலை உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு நிதானமாக ஏறுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

மருத்துவத்திலும் இப்படி ஒரு மலைப்பாதை உண்டு. மிகக் கடுமையான மனநோயைத் தணிக்கும் ஒரு மருந்து இருக்கிறது. ஆனால் அதை அவசரமாக ஏற்றினால், சிலருக்கு இதயத்தின் தசையே அழன்று வீங்கிவிடுகிறது. அந்த மருந்தின் பெயர் க்ளோசபின். மூளைக்காகக் கொடுத்த மருந்து இதயத்தைத் தாக்குவானேன்? இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடித்த பிறகும் அந்த மருந்தை ஏன் இன்னும் கொடுக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேயும் அல்ல, சாபமும் அல்ல

மனச்சிதைவு என்று ஒரு நோய். யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும். எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். எண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ, படிப்பும் வேலையும் தொடங்கும் வயதில் இது தலைகாட்டும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இதைப் பேய் என்றும் செய்வினை என்றும் சொல்லி, நோயாளியைச் சங்கிலியால் கட்டிவைத்த காலம் உண்டு. உண்மையில் இது மூளையின் வேதியியலோடு தொடர்புள்ள நோய். சர்க்கரை நோய்க்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்றால், இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மனநோய்க்கு மருந்து கண்ட வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையை அறிவீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் சிறு செடி அது. அதன் வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-ல் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு பாரிசில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது.

1957-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோப்பா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து ஓடின. டோபமின் என்ற பொருள் மூளையில் செய்தி கொண்டுசெல்லும் தூதுவன் என்பது இப்படித் தெரியவந்தது. இதற்காக 2000-ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மனநோய் மருந்துகள் பெரும்பாலும் இந்த டோபமின் தூதுவனின் ஆர்ப்பாட்டத்தை அடக்கியே வேலை செய்கின்றன.

ஒரு செய்தியை இங்கே கவனியுங்கள். மூலிகையிலிருந்து வந்த ரெசர்பினும் தீங்கற்றதாக இல்லை. சிலருக்கு இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியது. சிலருக்குச் சோர்வு ஏற்பட்டது. “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்ற எண்ணம் தவறு. உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும், வேண்டாத வேலை ஒன்றையும் செய்யக்கூடும்.

தள்ளி வைத்த மருந்து திரும்பி வந்தது

க்ளோசபின் 1950-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மற்ற மருந்துகளைப் போலக் கைகால் நடுக்கத்தையும் விறைப்பையும் இது அதிகம் உண்டாக்கவில்லை. மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1975-ல் பின்லாந்திலிருந்து அதிர்ச்சிச் செய்தி வந்தது. இதை உட்கொண்ட சிலருக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் அறவே குறைந்துபோயின, சிலர் உயிரிழந்தனர். பல நாடுகள் மருந்தைத் தள்ளி வைத்தன.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் வேறு எந்த மருந்தாலும் குணம் காணாத நோயாளிகள் இருந்தார்களே! அவர்களை என்ன செய்வது? அமெரிக்காவில் ஜான் கேன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அத்தகைய 268 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். 1988-ல் முடிவு வெளிவந்தது. ஆறு வாரத்தில், பழைய மருந்து பெற்றவர்களில் 100-க்கு 4 பேரே தேறினார்கள். க்ளோசபின் பெற்றவர்களிலோ 100-க்கு 30 பேர் தேறினார்கள்.

நம்பிக்கையற்றுப் போன குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள். 1989-ல் அமெரிக்கா க்ளோசபினை அனுமதித்தது. ஒரே நிபந்தனை: வாரந்தோறும் இரத்தத்தைப் பரிசோதித்து வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். இன்று நம் நாட்டிலும் இம்மருந்து பயன்படுகிறது.

சிட்னியில் எழுந்த சந்தேகம்

ஒரு கண்டத்தைத் தாண்டியாயிற்று என்று நினைத்திருந்தபோது இன்னொன்று காத்திருந்தது. ஆஸ்திரேலியாவில் க்ளோசபின் தொடங்கிய சில இளைஞர்கள், முன்பு இதய நோய் எதுவும் இல்லாதவர்கள், திடீரென்று இறந்தார்கள். சிட்னி நகர மருத்துவர்கள் 1993 ஜனவரி முதல் 1999 மார்ச் வரையிலான பதிவுகளைத் திரட்டினார்கள். அக்காலத்தில் அந்நாட்டில் க்ளோசபின் தொடங்கியவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் 15 பேருக்கு இதயத் தசை அழற்சியும், 8 பேருக்கு இதயத் தசை நலிவும் ஏற்பட்டிருந்தன. 23 பேரில் 6 பேர் இறந்துவிட்டார்கள். இந்த ஆய்வு 1999-ல் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அழற்சி என்றால் என்ன? முள் குத்திய விரலைப் பாருங்கள். சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. உடலின் காவல் அணுக்கள் அங்கே கூடிவிட்டன என்பதற்கு அடையாளம் அது. விரலில் இது நன்மை. ஆனால் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் தசைப் பை. கை, கால் தசைகளுக்கு ஓய்வு கொடுக்கலாம். இதயத் தசைக்கு ஓய்வு கொடுக்க முடியுமா? காவல் அணுக்கள் அங்கே புகுந்து கலகம் செய்தால், தசை நார்கள் சிதைந்து, இதயத்தின் சுருங்கும் வலிமை குன்றும்; துடிப்பின் தாளம் தவறும்.

மருந்துதான் குற்றவாளியா?

இதயத் தசை அழற்சியைச் சில வைரஸ்களும் உண்டாக்கும். அப்படியிருக்க, மருந்தின் மீது பழி சுமத்துவது எப்படி? துப்பறியும் கதையைப் போல இங்கே மூன்று தடயங்கள் கிடைத்தன.

முதல் தடயம், காலம். சிட்னி ஆய்வில் அந்த 15 பேருக்கும் மருந்து தொடங்கி மூன்று வாரத்துக்குள் அழற்சி தோன்றியது. வைரஸ் காரணம் என்றால், ஆண்டின் எந்த நாளிலும் வரலாம் அல்லவா? எல்லோருக்கும் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே ஏன் வர வேண்டும்?

இரண்டாம் தடயம், அணுக்கள். இறந்தவர்களின் இதயத் தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தன. 1879-ல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் கண்டறிந்த அணுக்கள் இவை. ஈசின் என்ற சாயத்தை ஏற்று அழகான இளஞ்சிவப்பு நிறம் பெறுவதால் இப்பெயர். ஒவ்வாமையின்போது கூடும் அணுக்கள் இவை என்பது முன்பே தெரிந்ததுதான். உடல் ஒரு மருந்தை ஏற்க மறுக்கிறது என்று இவை சொல்லாமல் சொல்லின.

மூன்றாம் தடயம், வேகம். மெல்போர்ன் நகரில் கேத்லின் ரொனால்ட்சனும் அவருடைய குழுவினரும், அழற்சி வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஒன்பது நாட்களில் கொடுத்த மொத்த மருந்தில் ஒவ்வொரு 250 மில்லிகிராம் கூடும்போதும் ஆபத்து 26 சதவீதம் கூடியது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு ஆபத்து இரு மடங்குக்கும் மேலாயிற்று. அதாவது, மலைப்பாதையில் வேகமாக ஏறியவர்களே அதிகம் தடுமாறினார்கள்.

ஈரலில் ஒரு தொழிற்சாலை

வேகம் ஏன் ஆபத்து? நாம் விழுங்கும் மருந்தை ஈரல் சிதைத்து வெளியேற்றுகிறது. க்ளோசபினைச் சிதைக்கும் முக்கிய நொதிக்கு சி.ஒய்.பி. 1ஏ2 என்று பெயர். இந்த நொதி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. ஆசிய மக்களிடம் இது சராசரியாக மெதுவாக இயங்குகிறது. எனவே ஐரோப்பியர் ஒருவருக்குச் சரியான அளவு, நம்மில் ஒருவருக்கு மிகையாகிவிடலாம்.

பீடி, சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவரின் இரத்தத்தில் மருந்து குறைந்துவிடும். அவர் திடீரென்று புகையை நிறுத்தினால், அதே அளவு மாத்திரையிலும் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். புகையை விடுவது நல்லதுதான். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். காப்பியோ இதற்கு நேர்மாறு. கொல்லிமலையில் மிளகோடு காப்பியும் விளைகிறது. அந்தக் காப்பிக் கொட்டையில் உள்ள காஃபினைச் சிதைப்பதும் இதே நொதிதான். நிறையக் காப்பி குடித்தால் நொதி அந்த வேலையிலேயே முனைந்துவிடும். க்ளோசபின் வரிசையில் காத்து நிற்கும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. உடலில் காய்ச்சலோ அழற்சியோ வந்தால் இந்த நொதியின் வேலை மந்தப்படும். மருந்தை வேகமாக ஏற்றுவதால் அழற்சி. அழற்சியால் நொதி மந்தம். நொதி மந்தத்தால் இரத்தத்தில் மேலும் மருந்து. அதனால் மேலும் அழற்சி. இப்படி ஒரு சுழல் உண்டாவதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்களும், நோயாளிகளின் இரத்தத்தில் க்ளோசபின் அளவை எவையெவை மாற்றுகின்றன என்று ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 2022-ல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டு நூலை உருவாக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணை வேண்டாம். மரபுவழியையும் உடல்நிலையையும் பார்த்து, ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த அளவில், இன்னும் மெதுவாக ஏற்றுங்கள் என்பதே அதன் சாரம்.

இரண்டு மணிகள்

தீ பெரிதாவதற்கு முன் புகையைப் பார்த்துவிட வேண்டும். இதற்கு இரண்டு எச்சரிக்கை மணிகள் இருக்கின்றன.

ஒன்று சி.ஆர்.பி. என்ற புரதம். 1930-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் ஈரல் இதை மிகுதியாகச் சுரக்கும். இன்னொன்று ட்ரோப்போனின். 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானி எபாஷி கண்டறிந்த தசைப் புரதம் இது. இதயத்துக்கே உரிய ட்ரோப்போனின் இரத்தத்தில் காணப்பட்டால், இதயத் தசை நார்கள் சிதைகின்றன என்று பொருள். முதல் மணி “எங்கோ தீ” என்கிறது. இரண்டாம் மணி “இதயத்தில் தீ” என்கிறது.

2011-ல் மெல்போர்ன் குழுவினர் ஒரு கண்காணிப்பு முறையை வகுத்தார்கள். மருந்து தொடங்குவதற்கு முன்பும், பிறகு நான்கு வாரங்களுக்கு வாரம் ஒருமுறையும் இவ்விரண்டையும் அளக்க வேண்டும். நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி ஆகியவை தோன்றினால், “சாதாரண ஜுரம்” என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் கண்டுபிடித்து மருத்துவர் மருந்தை நிறுத்திவிட்டால், பெரும்பாலோரின் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஒரு புதிர். ஆஸ்திரேலியாவில் 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இந்த அழற்சிக்கு ஆளாவதாகக் கணக்குகள் சொல்கின்றன. வேறு பல நாடுகளிலோ 1,000 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்றார்கள். ஏன் இந்த வேறுபாடு? ஆஸ்திரேலியாவில் தேடிப் பார்த்தார்கள். அதனால் கண்டார்கள் என்பது ஒரு விடை. அங்கே மருந்தை வேகமாக ஏற்றினார்கள் என்பது இன்னொரு விடை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் போட்ட கணக்கு, சராசரியாக 1,000 பேரில் சுமார் 7 பேர் என்கிறது.

தராசின் இரு தட்டுகள்

அப்படியானால் இந்த மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? மறு தட்டையும் பாருங்கள். 1975-ல் எச்சரிக்கை மணி அடித்த அதே பின்லாந்தில், 66,881 நோயாளிகளின் பதினோரு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். மனநோய் மருந்துகளில் எதை உட்கொண்டவர்களிடையே இறப்பு மிகக் குறைவு? க்ளோசபினை உட்கொண்டவர்களிடையேதான்! நோயின் வேதனையால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் அவலத்தை இது பெரிதும் குறைக்கிறது. 1,000 பேரில் 7 பேருக்கு வரக்கூடிய ஆபத்துக்கு அஞ்சி, மற்ற எல்லோருக்கும் மருந்தை மறுப்பது அறிவுடைமை ஆகாது. அந்த 7 பேரை முன்கூட்டியே கண்டுபிடிப்பதே அறிவுடைமை.

மலைமேல் ஒருவர் இருந்தால்?

இப்போது கொல்லிமலையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். செம்மேட்டிலிருந்து தள்ளி ஒரு சிற்றூரில் வாழும் ஓர் இளைஞருக்கு இம்மருந்து தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரம், வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. அதற்காக மலையிறங்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் 70 வளைவுகள், பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. நகரத்தில் எளிதாகத் தோன்றும் ஒரு பரிசோதனை, மலையில் ஒரு குடும்பத்தின் பொருளாதாரப் பிரச்சினை ஆகிவிடுகிறது. மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைப் பாதுகாப்பாகக் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது மறுபாதி.

இதற்கும் விஞ்ஞானம் வழி தேடுகிறது. விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தில் சி.ஆர்.பி.யை அளக்கும் சிறு கருவிகள் வந்துவிட்டன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்ற அரசுத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கருவி குடும்பம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பயிற்சி அளிக்கும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, குடும்பத்துக்கும் மறுவாழ்வுக்கும் முதலிடம் கொடுத்தார். “மூன்று நாளாக அண்ணனுக்குக் காய்ச்சல், நெஞ்சு படபடக்கிறது என்கிறான்” என்று வீட்டில் ஒருவர் கவனித்துச் சொன்னால், அது ஓர் உயிரைக் காக்கும்.

இரண்டு செய்திகளை மறக்காதீர்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். மலைமூலிகையோ நகரத்து மாத்திரையோ, வேறு எதைச் சேர்த்து உண்டாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் எண்ணி, வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணையுங்கள். காய்ச்சல் வந்த நாளில் கோடு எப்படி உயர்கிறது என்று பாருங்கள். க்ளோசபின் தொடங்கியவரின் படுக்கையருகே செவிலியர் போடும் கோடும் இதைப் போன்றதே. அம்மருந்து நாடியைச் சற்று உயர்த்துவது இயல்பு. ஆனால் கோடு திடீரென்று தாவினால், அவர் உடனே மருத்துவரை அழைப்பார். ஒரு தாள், ஒரு பென்சில், பொறுமையாக எண்ணும் ஒரு மனிதர் — பெரிய விஞ்ஞானம் பல நேரங்களில் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.